புள்ளி சரி, படம் பழசு

"கடலுக்கு எந்த ஆப் நல்லா இருக்கும்?" கடைக்கு வருகிறவர்களில் படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். எனக்கு ராமநாதபுரத்தில் மொபைல் சர்வீஸ் கடை, வீடு மண்டபத்தில். சொந்தமாக ஒரு பழைய ஃபைபர் படகும் இருக்கிறது, பின்னால் 9.9 குதிரைச்சக்தி அவுட்போர்டு. மீன் பிடித்துப் பிழைப்பவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுவது, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கரையோரமாக ஒரு சுற்று வருவது, அவ்வளவுதான். போனும் தெரியும், படகும் இருக்கிறது என்பதால் கேள்வி என்னிடம் வந்து நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் கவுண்டரில் நின்று சொல்ல நேரம் போதவில்லை, எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஆப் பெயரெல்லாம் கடைசி. போன் காட்டும் நீலப் புள்ளியை நம்பலாம். அந்தப் புள்ளி உட்கார்ந்திருக்கும் படத்தைச் சந்தேகப்பட வேண்டும். வானிலை என்றால், ஆப் சொல்வது நாம் நிற்கிற கடலுக்குத்தானா என்று முதலில் கேட்க வேண்டும். நான் சொல்ல வருவது இதுதான்.

டவர் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். சிம்மே போடாத போனிலும் வேலை செய்யும். செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலை போன் கேட்டுக்கொள்கிறது, பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. திறந்த வெளியில் ஐந்து மீட்டர் முன்னே பின்னே இருக்கும், கடலில் மரமும் மாடிக் கட்டிடமும் மறைக்கப் போவதில்லை. டவர் செய்யும் உதவி வேறு: எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை நெட் வழியாக நொடியில் கொடுத்துவிடும். நெட் இல்லாவிட்டால் போன் அதைச் செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாக வாங்க வேண்டும். முழு அட்டவணையும் இறங்க 12.5 நிமிடம் ஆகும். அதனால்தான் நடுக்கடலில் போனை ஆன் செய்துவிட்டு "புள்ளியே வரல" என்று திட்டுகிறார்கள். கரையிலேயே, டவர் இருக்கும்போதே மேப்பைத் திறந்து புள்ளி விழுந்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் இந்தத் தொல்லை இல்லை.

டேப் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இன்னொரு இடத்தில். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. சிம் போடும் மாடலில்தான் உண்டு. சிம் போடாமல் வைத்திருந்தாலும் அது வேலை செய்யும். ஆண்ட்ராய்டு டேப்களில் இது மாடலுக்கு மாடல் வேறுபடும். வீட்டில் வைஃபை இருக்கும் இடத்தில் ஐபேட் கூட மேப்பில் இடம் காட்டும், ஆனால் அது வைஃபையை வைத்துப் போட்ட ஊகம். கடலுக்குப் போனால் புள்ளி கரையிலேயே நின்றுவிடும். பெரிய திரைக்கு ஆசைப்பட்டு ஐபேட் வாங்கிவிட்டுக் கடைக்கு வந்து, "ஜிபிஎஸ் ரிப்பேர் பண்ணிக் குடுங்க அண்ணே" என்று கேட்பவர்களுக்கு நான் என்ன செய்ய? இல்லாததை எப்படி ரிப்பேர் பார்ப்பது?

சரி, படத்துக்கு வருவோம். கூகுள் மேப்பில் கடல் முழுக்க ஒரே நீலம். பாம்பன் வாய்க்காலும் நீலம், முழங்கால் அளவுத் தண்ணீரில் கிடக்கும் பாரும் (கடலடிப் பாறைத் திட்டு) நீலம். வெளிநாட்டில் உல்லாசப் படகு வைத்திருப்பவர்கள் ஐபேடில் நேவியானிக்ஸ் என்ற கடல் வரைபட ஆப்பைப் போட்டுக்கொண்டு, தனியாகச் சார்ட் பிளாட்டர் (கடல் வரைபடம் காட்டும் கருவி) வாங்காமலே ஊர் சுற்றுகிறார்கள். அவர்கள் நாட்டில் கடல் அளவை வாரியங்கள் கரையோரத்தைத் திரும்பத் திரும்ப அளந்து தருகின்றன. அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா மின்னணுக் கடல் வரைபடங்களை இலவசமாகவே கொடுக்கிறது. அந்த ஆப்பை அப்படியே இறக்கி நம் கடலில் திறந்தால், நான் பார்த்த வரையில், கரையை ஒட்டிய இடங்களில் ஆழ எண்கள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். நம் நாட்டுக் கடல் வரைபடங்களை டேராடூனில் உள்ள தேசிய நீரியல் அலுவலகம் வெளியிடுகிறது. அவை கப்பலுக்குப் போட்டவை. இரண்டடி தண்ணீரில் ஓடும் படகுக்காரனின் கவலை கப்பலுக்குக் கிடையாது.

எங்கள் பக்கத்தில் தரையே நகரும் என்பது தனிக் கதை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை சுமார் 29 கிலோமீட்டருக்குக் கிடக்கும் மணல் தீடைகள் பருவத்துக்குப் பருவம் உருவம் மாறும். வாடைக் (வடகிழக்குக் காற்று) காலத்து நீரோட்டம் மணலை ஒரு பக்கம் தள்ளும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மறுபக்கம் தள்ளும். 2024ல் இஸ்ரோ விஞ்ஞானிகள் நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் தந்த லேசர் அளவுகளை வைத்து அந்தப் பகுதியின் கடலடிப் படத்தை வெளியிட்டார்கள். 2018 முதல் 2023 வரையிலான தரவை ஒன்றாகச் சேர்த்துப் போட்ட படம் அது. ஆராய்ச்சிக்கு அருமை. இந்த மாதம் மணல் எங்கே கிடக்கிறது என்று அதில் தெரியாது. (தீடைப் பக்கம் பொழுதுபோக்குக்குப் படகு விடும் எண்ணமே வேண்டாம். கரை நகரும் என்பதற்கு உதாரணமாகச் சொன்னேன்.)

நான் செய்வது என்னவென்றால், கோப்பர்னிகஸ் பிரவுசர் என்ற தளத்தில் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கிறேன். ஐந்து நாளுக்கு ஒருமுறை புதிய படம், காசு கிடையாது. ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர். மேகம் இல்லாத, கடல் கலங்காத நாளின் படத்தைத் தேர்ந்தெடுத்தால் மணல் வெளுப்பாகவும், பாரும் கடல்தாழையும் கறுப்பாகவும், வாய்க்கால் கரும்பச்சையாகவும் பிரிந்து தெரியும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து டேபில் வைத்துக்கொள்வேன். கச்சான் ஓய்ந்தபின் ஒரு படம், வாடை ஓய்ந்தபின் ஒரு படம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாம்பன் தீவின் குந்துகால் பக்கம் மணல் செய்யும் வேலை புரியும்.

அதற்கும் மேலான வரைபடம் நாம் போய் வந்த தடம். கடலுக்கான ஆப்களில் பெரும்பாலும் ட்ராக் பதிவு செய்யும் வசதி இருக்கும். வெயில் உச்சியில், முதுகுப் பக்கம் சூரியன் இருக்கும்போது, தரை தெரியத் தெரிய மெதுவாக ஒருமுறை போய்ப் பதிவு செய்துவிட்டால், மாலையில் கண் கூசும்போது அதே கோட்டில் திரும்பலாம். எங்கள் கடலில் தண்ணீர் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்குள்தான். ஆழமே ஒரு மீட்டர் என்றால் அது பெரிய விஷயம். தண்ணீர் ஏறியிருந்த நேரத்தில் போன தடம் வற்றிய நேரத்துக்கு உதவாது, ட்ராக்குக்குப் பெயர் வைக்கும்போது அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

பாம்பன்காரரான என் மச்சானுக்கு இந்தத் தடமெல்லாம் சிரிப்பு. கோபுரத்தையும் டிவி டவரையும் ஒரே நேராக வைத்து, இந்தப் பக்கம் பாலத்தின் ஒரு தூணையும் ஒரு பனையையும் ஒரே நேராக வைத்தால் அவருடைய பார் சரியாகப் படகுக்கு அடியில் இருக்கும். இரண்டு கோடு வெட்டும் இடம், ஜிபிஎஸ் செய்வதும் ஏறத்தாழ அதே கணக்குதான். "மாப்ள, உன் டேப் சொல்ற எடத்துக்கும் நான் சொல்ற எடத்துக்கும் பத்தடி வித்தியாசம் இல்ல, இதுக்கு எதுக்கு இம்புட்டுக் காசு?" என்பார். "மச்சான், மூடுபனியில உங்க பனை தெரியுமா?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அவரே ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு: நீவாட்டை, அதாவது நீரோட்டத்தை, போன் எண்ணாகக் காட்டிவிடும். போன் காட்டும் வேகம் தரையை வைத்துக் கணக்கிட்ட வேகம். இஞ்சின் சத்தம் மாறாமல், ஆறு நாட் (மணிக்கு ஆறு கடல் மைல்) வேகத்தில் போன படகு பாலத்தை நெருங்கும்போது நான்காக இறங்குகிறது என்றால் எதிர்நீவாடு இரண்டு நாட். பாம்பன் வாய்க்காலில் வாடைக் காலத்தில் தண்ணீர் வடகடலிலிருந்து (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலுக்கு (மன்னார் வளைகுடாப் பக்கம்) ஓடும், கச்சான் காலத்தில் திரும்பும். படகின் மூக்கு பார்க்கும் திசை ஒன்று, திரையில் தடம் போகும் திசை இன்னொன்று என்றால் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று பொருள். பாலத்தூண்களுக்கு நடுவே நுழையும் முன் இதைக் கவனித்துவிட வேண்டும், உள்ளே போனபின் கவனிக்க நேரம் இருக்காது.

இந்திய-இலங்கை எல்லைக் கோட்டைப் பற்றிச் சொல்லாமல் ராமநாதபுரம் கடலைப் பற்றி எழுத முடியாது. பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தமும், மன்னார் வளைகுடாவில் 1976 ஒப்பந்தமும் கோட்டை அட்சரேகை தீர்க்கரேகைப் புள்ளிகளாகவே கொடுத்திருக்கின்றன. அவற்றை ஆப்பில் ஏற்றி, கோட்டுக்கு வெகு முன்னாலேயே அலாரம் அடிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். ஏற்றும்போது ஒரு கண்ணி உண்டு. ஒப்பந்தத்தில் ஒரு புள்ளி 9 டிகிரி 40.15 நிமிடம் வடக்கு என்று இருக்கும். ஆப் தசம டிகிரி கேட்கும்போது 9.4015 என்று போட்டால் போச்சு, 40.15ஐ 60ஆல் வகுத்து 9.669 என்று போட வேண்டும். வித்தியாசம் 16 கடல் மைல், அதாவது முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எல்லைக்கோட்டை முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போட்டுக்கொண்டு அலாரத்தை நம்பி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

நம்மைப் போன்ற உல்லாசப் படகுக்காரர்கள் அந்தப் பக்கம் போகப் போவதில்லை, உண்மைதான். இஞ்சின் நின்றுவிட்டால்? வடகடலில் வாடை அடிக்கும்போது நின்றால் காற்று நம்மைக் கரைப் பக்கம் கொண்டுவரும். கச்சான் அடிக்கும்போது நின்றால் படகு மிதந்து போகும் திசையில்தான் கோடு இருக்கிறது. அதனால் கச்சான் மாதங்களில் வடகடல் அமைதியாகத் தெரிந்தாலும் நான் கரையை விட்டு அதிகம் விலகுவதில்லை, நங்கூரக் கயிறு இல்லாமல் போவதே இல்லை. தென்கடலில் வேறு வேலி. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. முசல்தீவு கூப்பிடு தூரத்தில் அழகாகத் தெரியும். வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. தீவுகளைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டு அலாரம் வைத்திருக்கிறேன்.

இன்னொரு வேடிக்கை: தனுஷ்கோடிப் பக்கம் போனாலே போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு "வெல்கம்" சொல்லும். பயப்பட வேண்டியதில்லை, புள்ளி இந்தியாவில்தான் இருக்கும். ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள்.

இனி காற்றும் அலையும். விண்டி ஆப்பைத் திறந்து வண்ணம் பார்ப்பதுதான் இப்போது எல்லோருக்கும் பழக்கம். அதில் முதலில் வருவது ஐரோப்பிய வானிலை மையத்தின் கணிப்பு. 9 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் என்ற கணக்கு. பாம்பன் தீவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடி மூக்கில் தென்கடலான ஆண்கடலிலிருந்து வடகடலான பெண்கடலுக்கு நடந்தே போய்விடலாம். மண்டபத்தில் நிலம் அகலமே சில கிலோமீட்டர். ஆக வடகடல், தென்கடல், நடுவில் நிலம் மூன்றும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சட்டையைப் போட்டுவிட்ட மாதிரி. ஜூலையில் தென்கடல் படகைத் தூக்கி எறியும்போது வடகடல் குளம்போல் கிடப்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கணினிக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும். நான் வீட்டுக்கு நேரே தட்டிப் பார்ப்பதில்லை. வடகடலுக்குப் போகிறேன் என்றால் வடக்கே பதினைந்து இருபது கிலோமீட்டர் தள்ளித் தட்டுவேன், தென்கடலுக்குத் தெற்கே தள்ளித் தட்டுவேன். அங்கே கட்டம் முழுக்கக் கடல், எண் கொஞ்சம் யோக்கியமாக இருக்கும்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். காலை 5.30 மணி நிலவரத்தை வைத்துப் போடும் கணக்கு நம் திரைக்கு வந்து சேர மதியம் ஆகிவிடும். விடியற்காலையில் ஆப்பைத் திறந்து "இப்பத்தான் பார்த்தேன்" என்பவர் பார்ப்பது முந்தின நாள் நிலவரத்தில் பிறந்த கணிப்பை. இரண்டு வானிலைக் கணிப்பு மாடல்களை மாற்றி மாற்றிப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் கிளம்புவேன். ஒன்று எட்டு நாட், இன்னொன்று பதினாறு நாட் என்றால் எனக்கு அன்றைக்கு வீட்டில் வேலை இருக்கும். சராசரிக் காற்றை விட்டுவிட்டு வீச்சுக் காற்றின் எண்ணைப் பார்ப்பது முக்கியம். படகைச் சாய்ப்பது அதுதான்.

இந்தக் கட்டக் கணக்குக்கு அகப்படாத ஒன்று 2024 நவம்பர் 20 அன்று நடந்தது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மேகம் ஒரு சின்ன இடத்தில் நின்று கொட்டியது. அந்த மாதிரியான மழையை இத்தனை மணிக்கு இந்த ஊரில் என்று எந்த மாடலும் முதல் நாளே சொல்லிவிடாது. ஐப்பசி கார்த்திகையில் ஆப் பச்சையாக இருந்தாலும் நான் வானத்தைத்தான் நம்புகிறேன். வடகிழக்கில் அடிவயிறு கறுத்த மேகம் எழும்பினால், ரேடார் படத்தைத் தேடுவதற்குள் கரையைத் தேடுவது நல்லது.

அலைக்கு நான் முதலில் பார்ப்பது ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ். அலை உயரம், நீரோட்டம், காற்று மூன்றும் நம் கரைக்கென்றே தருகிறார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கையும் அங்கிருந்துதான் வரும். உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், ஆனால் தெற்கே எங்கோ இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய நீண்ட அலை நாள்கணக்காகப் பயணம் செய்து வந்து கரையில் ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உயிர்கள் போனது இதில்தான். காற்று ஆப்பை மட்டும் பார்க்கிறவனுக்கு இது வரப்போவது தெரியவே தெரியாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் ஆப்பில் இன்காய்ஸ் தகவலே தமிழில் வருகிறது. மீனவர்களுக்காகச் செய்தது, நம் பொழுதுபோக்குப் படகுக்கும் பொருந்தும். பார்க்க அழகாக இருக்காது. பரவாயில்லை.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது இன்னும் நடக்கிறது. கூண்டு ஏறும் முன்பே வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடுகிறது என்பது வேறு. மீன்வளத்துறை மீனவர்களுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காத நாளில் நான் போவதில்லை. பெரிய விசைப்படகே துறையில் நிற்கும்போது எனக்கென்ன அங்கே அவசரம்?

கடைசியாகக் கடைக்காரனாக நாலு வார்த்தை. தண்ணீர் புகாது என்பதற்கு ஐபி68 என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்துக் கடல் தண்ணீரில் முக்காதீர்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், அசையாமல் வைத்துச் செய்வது. உப்புத் தண்ணீர் சார்ஜ் ஓட்டைக்குள் போனபின் வயரைச் செருகினால் மின்சாரமும் உப்பும் சேர்ந்து பின்னைத் தின்றுவிடும். பச்சை பூத்த பின்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். உப்பு பட்டால் நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவிட்டு, அதற்கப்புறம் சார்ஜ். முடிந்தால் படகில் வயர்லெஸ் சார்ஜர் வைத்துக்கொள்ளுங்கள். ஈர விரலுக்கும் திரையில் தெறித்த துளிக்கும் டச் ஸ்கிரீனுக்கு வித்தியாசம் தெரியாது. அது தானாக எதையோ அமுக்கும், வேண்டியதை அமுக்காது. ஆகவே தடமும் அலாரமும் கரையிலேயே வைத்துவிட வேண்டும். சூடும் எதிரி. ஆப்பிள் தன் போன்களுக்குச் சொல்லியிருக்கும் வரம்பு 35 டிகிரி. சித்திரை வெயிலில் படகுப் பலகை அதைத் தாண்டியிருக்கும். கறுப்புப் பைக்குள் போட்டு வெயிலில் வைத்தால் முதலில் திரை மங்கும், பிறகு அணைந்துவிடும். வெள்ளைத் துண்டு போட்டு மூடுங்கள். போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு திரை கறுப்பாகிவிட்டது என்று பதறுகிறவர்கள், போனைக் குறுக்கே திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைக்கு வாருங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசஞ்சர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், அதுவும் எங்கள் மாவட்டக் கடற்கரையில் பிடிபட்டால் விசாரணை லேசில் முடியாது. கரையிலிருந்து சில மைல் வரை சாதாரண போனுக்கே டவர் கிடைக்கும். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093. அழைக்கும்போது "முசல்தீவுக்குக் கிழக்கே" என்று சொல்வதைவிட அட்சரேகை தீர்க்கரேகையைப் படித்துச் சொல்லுங்கள். அது ஆப்பில் எந்த மூலையில் இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பார்த்து, கூட வருகிறவருக்கும் காட்டி வையுங்கள்.

இரண்டாவது போன் ஒன்று தனிப் பையில், அணைத்து, சார்ஜ் முழுக்க ஏற்றி இருக்க வேண்டும். புதியது தேவையில்லை, பழையதே போதும். எங்கள் கடையில் வாங்கினாலும் சரி, வேறெங்கே வாங்கினாலும் சரி, பணம் கொடுக்கும் முன் சிம்மைக் கழற்றி, வைஃபையை அணைத்து, தெருவில் வெட்டவெளியில் நின்று மேப்பைத் திறந்து புள்ளி விழுகிறதா என்று பாருங்கள். கால் மணி நேரம் ஆகியும் விழாவிட்டால் அந்தப் போன் பாட்டுக் கேட்க மட்டும்.